நாளைக்கே மாற்றலாம் இந்த இறக்கையை

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரை ஒட்டிய ஈஸ்ட்லீ விமானத் தளத்திலிருந்து 1936 மார்ச் மாதம் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. ஆர்.ஜே. மிட்செல் அதற்குக் கொடுத்த நீள்வட்ட இறக்கை காற்றின் இழுவையைக் குறைப்பதில் கெட்டிக்காரத்தனமான வடிவம், தயாரிப்பதோ பெரும்பாடு. உள்ளே வரும் குறுக்குச் சட்டங்களில் ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. மேலே போர்த்தும் தகட்டையும் இரண்டு வாக்கில் வளைக்க வேண்டும். அதே ஆண்டு பறந்த வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு பார்ன்ஸ் வாலிஸ் கூடை முடைந்தாற்போல ஒரு சட்டகம் அமைத்தார். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அதைக் கட்டி முடிக்கும் வேலை நுணுக்கமானது என்பதால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத் தொழில் அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. 75 ஆண்டுகள் கழித்து, 2011-ல், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி கீன், ஜிம் ஸ்கேன்லன் ஆகிய இரு பேராசிரியர்களின் தலைமையில் ‘சுல்சா’ என்ற ஆளில்லா விமானம் உருவானது. நீள்வட்ட இறக்கை, வாலிஸின் சட்டகம் இரண்டும் அதில் சேர்ந்து இருந்தன. முழு உடலும் நைலான் பவுடரிலிருந்து 3டி பிரிண்டிங் செய்யப்பட்டது. ஒரு ஸ்குரூகூட இல்லாமல், கருவி எதுவும் தேவைப்படாமல், பாகங்களைச் சொருகியே அதைப் பூட்டிவிடலாம். மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வேகத்தில் அது பறந்தது.

தொழிற்சாலை உலகம் கைவிட்ட இரண்டு நல்ல வடிவங்கள் எப்படித் திரும்ப வந்தன? லேசர் சின்டரிங் என்ற முறையைத் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். எந்திரத்தின் தட்டில் நைலான் பவுடரை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரப்புகிறார்கள். உள்ளறை, பவுடர் உருகுவதற்குச் சற்று முந்திய சூட்டில், சுமார் 170 டிகிரி செல்சியஸில் இருக்கும். பாகத்தின் குறுக்குவெட்டு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் லேசர் ஓடி உருக்குகிறது. தட்டு ஒரு படி இறங்குகிறது. மேலே அடுத்த படலம். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படலங்கள். உருகாத பவுடரே பாகத்தைச் சுற்றி நின்று தாங்கிக்கொள்வதால் உட்குழிவு, வளைந்த குழாய், கூட்டுச் சட்டகம் என எதற்கும் தனி முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. லேசருக்கு நேர்கோடும் வளைகோடும் ஒன்றுதான். செலவைத் தீர்மானிப்பவை பவுடரின் அளவும் எந்திரம் ஓடும் நேரமும். வடிவத்தின் சிக்கல் அல்ல. மிட்செலையும் வாலிஸையும் வதைத்த சிரமம் இங்கே கணக்கிலேயே வராது.

இதைப் பார்த்தவுடன் பலர் எட்டும் முடிவு, இனி ட்ரோன்களைப் பொத்தானை அழுத்தி மலிவாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது. முதலீட்டாளர் கூட்டங்களிலும் அரசு அறிவிப்புகளிலும் இந்தக் கனவுதான் விற்கப்படுகிறது. அது தவறான கனவு என்பது என் வாதம். 3டி பிரிண்டிங் ட்ரோனை மலிவாக்குவதில்லை. அது தருவது வேறொன்று: வடிவத்தை மாற்றுவதற்குத் தண்டனை கிடையாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்த ட்ரோன் பாகத்தை அச்சிட வேண்டும், எதை அச்சிடக் கூடாது, நம் நாட்டில் பணத்தை எங்கே போட வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் தெளிவான பதில் கிடைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரோனில் கேமராவைத் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் பாகத்துக்கு இன்ஜெக்‌ஷன் மோல்டு செய்ய 6 லட்சம் ரூபாய் ஆகிறது, பிறகு ஒவ்வொரு பாகமும் 30 ரூபாய்க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே அச்சிட்டால் ஒன்று 900 ரூபாய். ஏறக்குறைய 690 பாகங்கள் வரை அச்சிடுவதுதான் லாபம். அதைத் தாண்டினால் மோல்டு ஜெயித்துவிடும். ஆக, ஒரே பாகத்தை லட்சக்கணக்கில் செய்கிறவருக்கு 3டி பிரிண்டிங் வீண். ஆனால் ஒரே ஆண்டில் கேமரா இரண்டு முறை மாறி, மோல்டையும் இரண்டு முறை புதிதாகச் செய்ய நேர்ந்தால் மோல்டு செலவு 18 லட்சமாகிறது. எல்லைக்கோடு 2,000-ஐத் தாண்டிவிடுகிறது. பழைய மோல்டையே வெட்டித் திருத்தலாமே என்று மோல்டு செய்யும் டூல்ரூம்காரர்கள் கேட்பார்கள். திருத்தலாம், ஆனால் இரும்பை இழைத்துக் குறைப்பது எளிது, கூட்டுவது கடினம். மேலும், காத்திருக்கும் வாரங்களின் விலை இந்தக் கணக்கில் இன்னும் சேரவேயில்லை.

அப்படியானால் கேள்வி, ட்ரோன் என்பது நின்று நிலைத்த பொருளா, மாறிக்கொண்டே இருக்கும் பொருளா என்பதுதான். ஷென்சென் நகரின் டிஜேஐ நிறுவனம் ஒரே மாதிரி கேமரா ட்ரோனைப் பெருமளவில் உலகமெங்கும் விற்கிறது. அதற்கு மோல்டுதான் சரி. ஆனால் அந்த ஒரு சந்தையை விட்டு வெளியே வந்தால் ட்ரோன் இன்னும் முடிவான வடிவத்தை எட்டாத எந்திரம். பேட்டரி மாறுகிறது, சென்சார் மாறுகிறது, ஆன்டெனா மாறுகிறது. வயலில் மருந்து தெளிப்பதற்கும் கிராமத்தின் மனைகளை அளப்பதற்கும் வெவ்வேறு சுமைகள் தேவைப்படுகின்றன. 2015-ல் சுல்சாவின் ஒரு வடிவத்தை பிரிட்டிஷ் கடற்படை ‘மெர்ஸி’ கப்பலிலிருந்து ஏவி டார்செட் கடற்கரையில் இறக்கிப் பார்த்தது. மறு ஆண்டு அண்டார்டிக் கடலில் ‘புரொடெக்டர்’ கப்பலுக்குப் பனிப்பாறைகளுக்கிடையே வழி பார்த்துச் சொல்லும் வேலைக்கு அது போனது. இப்படிச் சில பத்து எண்ணிக்கையில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தேவைப்படும் விமானத்துக்கு மோல்டு செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

இந்த வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சி உக்ரைன் போர்க்களம். அதைப் பற்றி எழுதும்போது, அங்கே பறக்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைக் கொல்லப் போகிறது என்பதை மறந்து பொறியியலை வியப்பது சரியல்ல. ஆனாலும், வடிவமாற்றத்தின் வேகத்தை இந்த அளவுக்கு வெளிச்சமாகக் காட்டும் இடம் வேறில்லை. அடுத்த ஆண்டில் 10 லட்சம் ட்ரோன்கள் தயாரிப்போம் என்று 2023 டிசம்பரில் அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தார். அங்கே, கேமராக் காட்சியைப் பார்த்தபடியே ஓட்டப்படும் எஃப்பிவி ட்ரோன்களின் சட்டகம் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. கார்பன் ஃபைபர் தகட்டை சிஎன்சி எந்திரத்தில் வெட்டி எடுக்கிறார்கள். அதுதான் வேகம், அதுதான் விறைப்பு. அச்சிடப்படுபவை கேமரா தாங்கி, ஆன்டெனா தாங்கி, பேட்டரிக் கூடு போன்ற சின்னப் பாகங்கள். அதாவது வாரத்துக்கு வாரம் மாறுகிறவை. ரேடியோ அலைகளை எதிரி முடக்கத் தொடங்கியதும் 2024-ல் கண்ணாடி இழை வழியே கட்டளை பெறும் ட்ரோன்கள் பெருகின. பல கிலோமீட்டர் நீள இழையைச் சுற்றிவைக்க ஒரு கூடு வேண்டும். அதற்கு மோல்டு செய்து முடிப்பதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும், அச்சிட்டார்கள். ரஷ்யா ஏவும் ஷாஹெத் வகை ட்ரோன்களைத் துரத்தி வீழ்த்தும் ‘ஸ்டிங்’ என்ற இடைமறிப்பு ட்ரோனின் தோட்டா வடிவ உடலும் 3டி பிரிண்டிங்கில் வருவதே. அந்த வடிவம் தகடு வெட்டிச் செய்யக்கூடியதல்ல; எதிரியின் வேகம் கூடினால் உடலும் மாற வேண்டும். நிலையானதை வெட்டு, மாறுவதை அச்சிடு என்ற பாகுபாட்டை அந்த நாட்டின் பட்டறைகள் நெருக்கடியிலேயே கற்றுக்கொண்டுவிட்டன.

வடிவச் சுதந்திரத்துக்கு இன்னொரு பலன் உண்டு: பல பாகங்களை ஒன்றாக்குவது. இதற்கான தெளிவான இந்தியச் சான்று ட்ரோனிலிருந்து அல்ல, ராக்கெட்டிலிருந்து வருகிறது. பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டமான பிஎஸ்-4 எஞ்சினை இஸ்ரோ 3டி பிரிண்டிங்குக்கு ஏற்றபடி மறுவடிவமைத்து, 2024 மே 9 அன்று 665 விநாடிகள் எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் எடுத்த இடத்தில் 13.7 கிலோ உலோகப் பவுடர் போதுமானதாயிற்று. அதே மாதம் 30-ம் தேதி, சென்னை ஐஐடியில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் தன் சோதனை ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. ட்ரோனில் இந்தப் பாடத்துக்கு இன்னும் மதிப்பு அதிகம். நான்கு மோட்டார்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும்போது ஒவ்வொரு ஸ்குரூவும் தளரப் பார்க்கும், ஒவ்வொரு இணைப்பும் விரிசலுக்கு இடம் தேடும். காற்றுக்குழாய், வயர் போகும் வழி, தாங்கி மூன்றையும் ஒரே பாகத்துக்குள் அடக்கிவிட்டால் எடையும் குறைகிறது, கழன்று விழவும் ஒன்றுமில்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, வலு. நைலான் எங்கே, கார்பன் ஃபைபர் எங்கே என்று ட்ரோன் கட்டுகிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. லேசரில் உருவாகும் நைலான் 12-இன் விறைப்பு அலுமினியத்தின் விறைப்பில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். ட்ரோனின் கையை நைலானில் அச்சிட்டால் உடையாமல் போகலாம், ஆனால் துடிக்கும். அந்தத் துடிப்பு உள்ளே அசைவை அளக்கும் ஜைரோவுக்குப் போய், பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினியைக் குழப்பும். படலம் படலமாக எழும்பும் பாகம், படலங்களைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதும் மெய். ஏர்பஸ் 2016-ல் பெர்லின் விமானக் கண்காட்சியில் காட்டிய 21 கிலோ எடையுள்ள ‘தோர்’, மின் பாகங்கள் தவிர மற்ற அனைத்தும் அச்சிடப்பட்ட விமானம். அது எதுவரை போகலாம் என்று பார்ப்பதற்கான சோதனை. எல்லா விமானத்தையும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான பரிந்துரை அல்ல. நல்ல பட்டறைகள் கண்ட தீர்வு எளிமையானது: நீளமாகச் சுமை தாங்கும் இடத்தில் கார்பன் ஃபைபர் குழாய், குழாய்கள் வந்து கூடும் மூட்டுகளில் அச்சிட்ட நைலான். குழாய்க்கு எப்போதும் ஒரே வடிவம். மூட்டுக்குத்தான் ஒவ்வொரு ட்ரோனிலும் வேறு கோணம்.

இரண்டாவது மறுப்பு, வீட்டு மேசையில் வைக்கும் பிரிண்டரே சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும்போது கோடி ரூபாய்க்குத் தொழிற்சாலை எந்திரம் எதற்கு என்பது. ஒருமுறை பறந்து அழியும் போர் ட்ரோனுக்கு மேசை பிரிண்டர் போதும். உக்ரைனில் தன்னார்வலர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மருந்துத் தொட்டியைச் சுமந்து வயலில் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் தினமும் பறக்கும் தெளிப்பு ட்ரோனில் அந்தத் துணிச்சல் கூடாது. அங்கே நூறாவது பாகமும் முதல் பாகத்தைப் போலவே இருந்தாக வேண்டும். இது தானாக வருவதில்லை. ஒரு முறை சூட்டில் இருந்த நைலான் பவுடர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதாகிறது. புதுப் பவுடரை எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாகத்தின் தரம் மாறும். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோர ஊர்களில் இது சின்ன விஷயமல்ல. அவசரப்பட்டு ஆறுவதற்குள் வெளியே எடுத்தால் பாகம் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் பாகங்களோடு சோதனைத் துண்டுகளையும் சேர்த்து அச்சிட்டு, அவற்றை இழுத்து உடைத்துப் பார்த்து, பவுடரின் வரலாற்றோடு பதிந்துவைக்க வேண்டும். தொழில்முறை என்பது எந்திரத்தின் விலையில் இல்லை. இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு இல்லாத கோடி ரூபாய் எந்திரமும் மேசை பிரிண்டரும் என் கணக்கில் ஒன்றே.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. உடலை அச்சிட்டு என்ன பயன், உயிர் வெளிநாட்டில் இருக்கிறதே என்பது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம், பேட்டரி செல், சிப் எதையும் இந்த எந்திரங்கள் தருவதில்லை. முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் இந்தியா தடை விதித்தது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. 2025 ஏப்ரலில் சீனா 7 அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது உலகெங்கும் மோட்டார் தயாரிப்பாளர்கள் தவித்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, சீன உதிரிபாகங்கள் இருந்ததால் 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை இந்திய ராணுவம் ரத்து செய்ததாகச் செய்திகள் வந்தன. அச்சிட்ட உடல் அந்த ஒப்பந்தங்களைக் காப்பாற்றியிருக்காது. இதை ஒப்புக்கொள்ளாமல் ‘உள்நாட்டிலேயே அச்சிட்ட ட்ரோன்’ என்று பெருமை பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும். ஆனாலும் மறுப்புக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. சீன மோட்டாரை விட்டு இன்னொரு நாட்டு மோட்டாருக்கோ, நாளை நம்மூர் மோட்டாருக்கோ மாறும்போது துளைகளின் இடம் மாறும், குறுக்களவு மாறும், வெப்பம் வெளியேறும் வழி மாறும். மோல்டில் பணத்தை முடக்கியவர் இந்த மாற்றத்துக்குத் தயங்குவார். அச்சிடுகிறவர் தாங்கியை மறுநாளே மாற்றிக்கொள்வார். ஒரு சப்ளையரை விட்டு விலகும் செலவைக் குறைப்பதுதான் 3டி பிரிண்டிங் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய உதவி. அது சிறிய உதவியல்ல.

சார்ந்திருப்பதைப் பற்றிப் பேசும்போது யாரும் பார்க்காத ஒன்று பவுடர். 2012 மார்ச் மாதம் ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் நைலான் 12-க்கான மூலப்பொருள் தயாரிப்பு நின்றுபோனது. அந்த ஒரே ஆலையால் உலகக் கார் தொழிற்சாலைகள் கலங்கின. எரிபொருள் குழாய்களுக்கு அதே நைலான்தான். இதற்கு மாற்று நைலான் 11. முறியும் முன் அதிகம் நீளும், மோதலைத் தாங்கும், ட்ரோனுக்கு இன்னும் பொருத்தமானது. அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. உலகில் ஆமணக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா. குஜராத் முன்னணியில் நிற்கிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. எண்ணெய் நம் மண்ணிலிருந்து போகிறது. ஆர்க்கெமா நிறுவனம் அதை பிரான்சின் மார்செய்யிலும் சிங்கப்பூரிலும் நைலானின் மூலப்பொருளாக மாற்றுகிறது. பிறகு நாம் அந்த நைலானைப் பவுடராக விலை கொடுத்து வாங்குகிறோம். எந்திரம் வாங்க மானியம் கேட்கும் தொழில் சங்கங்கள் இந்த வேதியியலுக்கும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்திரம் பத்து ஆண்டில் பழசாகும். பவுடர் ஆலை அதற்குப் பிறகும் நிற்கும்.

இன்னொரு தடை காகிதத்தில் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, நானோ வகை போன்ற சிலவற்றைத் தவிர, பறக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் வகைச் சான்று வேண்டும். ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் அந்த விதிகளே விலக்கு அளித்திருப்பது பாராட்டத்தக்கது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. சான்று ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு. 3டி பிரிண்டிங்கின் பலமோ வடிவத்தை மாற்றுவதில். மனிதர்கள் பயணிக்கும் விமானங்களில் ஒரு மாற்றம் சிறியதா பெரியதா என்று பிரித்து, சிறிய மாற்றத்துக்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ட்ரோனுக்கும் அந்தப் பாகுபாடு தெளிவாக, பட்டியலாக, பட்டறைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி வர வேண்டும். கேமரா தாங்கியை மாற்றுவதும் மோட்டார் மூட்டை மாற்றுவதும் ஒரே தட்டில் வைக்கப்படக் கூடாது. பாதுகாப்பு குறையாதா என்று கேட்பவர்களுக்குப் பதில், மேலே சொன்ன பதிவேடு. பவுடர் எது, எத்தனையாவது முறை பயன்பட்டது, சோதனைத் துண்டு எவ்வளவு தாங்கியது என்று காட்டுகிறவருக்குச் சிறிய மாற்றங்களை விரைவாக அனுமதிக்கலாம். காட்ட முடியாதவருக்கு எவ்வளவு பெரிய எந்திரம் இருந்தாலும் அனுமதிக்கக் கூடாது.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி என்று ஐந்து முனைகள். கோவையில் தலைமுறைகளாகப் பம்ப்செட்டும் மோட்டாரும் செய்த கைகள் இருக்கின்றன. ஓசூரில் துல்லிய எந்திர வேலை தெரிந்த சிறு தொழிற்சாலைகள் இருக்கின்றன. இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கோடிகளைக் கடன் வாங்கி லேசர் எந்திரம் போட வேண்டிய அவசியமில்லை. அப்படிப் போட்டால் பாதி நேரம் அது சும்மா நிற்கும். ஒரு முனைக்கு ஒரு பொது அச்சுக்கூடம், அதை ஒட்டியே இழுவிசை சோதனையும் சிடி ஸ்கேனும் செய்யும் ஆய்வகம் இருந்தால் சிறிய பட்டறையும் தன் வடிவத்தைக் கொண்டுவந்து அச்சிட்டு, சோதித்து, சான்றோடு எடுத்துப் போகலாம். இதற்கான திட்டம் தீட்டும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: எந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தை ஒதுக்கீட்டின் கடைசி வரியில் எழுதுங்கள். சோதனை ஆய்வகம், பவுடர், மோட்டார், இந்த மூன்றும் அதற்கு மேலே இருக்கட்டும்.